பலாப் பலகையில் ஒரு லேப் ஸ்டீல் கிட்டார்

கிட்டார் செய்ய ஆசை இருக்கிறது, ஆனால் ஃபிரெட் (கழுத்தின் குறுக்கே வரிசையாகப் பதிக்கும் உலோகக் கம்பி) அடிப்பதும் கழுத்துக்கு வளைவு பார்த்துச் சீவுவதும் பயமுறுத்துகிறது என்றால் லேப் ஸ்டீலில் தொடங்கலாம். மடியில் படுக்கவைத்து, இடது கையில் பார் எனப்படும் ஓர் எஃகு உருளையைத் தந்திகளின் மேல் நகர்த்தி வாசிக்கிற கிட்டார் இது. நம் ஊர்ப் பெரியவர்களுக்கு ஹவாயன் கிட்டார் என்றால் சட்டெனப் புரியும். தந்தியைப் பலகையோடு யாரும் அழுத்தப் போவதில்லை என்பதால் ஃபிரெட் வேண்டாம், கழுத்துக்குள் இரும்புத் தண்டு வேண்டாம், பலகை கொஞ்சம் வளைந்தால்கூட வாசிப்பில் தெரியாது.

அதற்காக, கட்டையில் ஆறு தந்தி கட்டினால் முடிந்தது என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். தந்திகளின் மேல்மட்டம், ஃபிரெட்டுக்குப் பதிலாகச் சுரத்தின் இடத்தைக் காட்டும் சுரக்கோடுகளின் தூரம், கையில் பிடிக்கும் பாரின் வழவழப்பு ஆகிய இடங்களில் இந்த வாத்தியம் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது. மரம், வடிவம், பாலீஷ் எல்லாம் உங்கள் இஷ்டம். இணையத்தில் படங்களைப் பார்த்தால் ஆட்கள் பெரும்பாலும் மரத்துக்கும் பாலீஷுக்கும்தான் மெனக்கெடுகிறார்கள், நான் அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன்.

முதலில் நீளம். தந்தியைத் தலைப்பக்கம் தாங்கும் நட்டிலிருந்து மறுமுனையில் தாங்கும் பிரிட்ஜ் வரை 22½ அங்குலம், அதாவது 571.5 மி.மீ. வைத்தேன். இது பழைய அளவு. வியாபார ரீதியாக எடுபட்ட முதல் எலெக்ட்ரிக் கிட்டாரே ஒரு லேப் ஸ்டீல்தான். ஜார்ஜ் பீச்சம் என்பவர் 1931-இல் மேப்பிள் மரத்தில் அதன் மாதிரியைச் செய்து பார்த்து, அடுத்த ஆண்டு அடால்ஃப் ரிக்கன்பேக்கரோடு சேர்ந்து அலுமினிய வார்ப்பாக விற்பனைக்குக் கொண்டுவந்தார். வட்ட உடலும் நீளக் கைப்பிடியுமாக இருந்ததால் அதற்கு வாணலி என்றே பட்டப்பெயர். ஏ-22 என்ற அதன் மாடல் எண்ணில் உள்ள 22 இந்த நீளத்தைத்தான் குறிக்கிறது. மேடை விளக்குச் சூட்டில் அலுமினியம் விரிந்து சுருதி கலைகிறது என்பது அந்தக் கிட்டாரின் மேல் இருந்த பெரிய புகார். கோயம்புத்தூரில் வார்ப்புப் பட்டறைக்குப் பஞ்சமில்லை, ஒன்று ஊற்றிப் பார்க்கலாமா என்று எனக்கும் ஆசை வந்தது, இந்தப் புகாரைப் படித்ததும் மரத்துக்கே திரும்பிவிட்டேன்.

மரம் பலா. தஞ்சாவூர் வீணை செய்கிற அதே மரம்தான். ஆனால் வீணையில் குடத்தின் நாதம் முக்கியம், இங்கே ஒலியை எடுப்பது பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும், காந்தம் வைத்த கம்பிச் சுருள், அதாவது காயில்), அதனால் பலாவுக்குத் தனி மகிமை இருப்பதாக நான் சொல்லமாட்டேன். வேங்கையோ தேக்கோ இருந்தாலும் இதே அளவுக்குத்தான் வேலை செய்திருக்கும். பலாவை எடுத்ததற்குக் காரணம், பழைய மரக் கடையில் பாலக்காட்டுப் பக்கம் இடித்த வீட்டின் நிலைச்சட்டம் ஒன்று கிடைத்தது, பல வருடம் காய்ந்த மரம், இனி முறுக்கிக்கொள்ளாது. 32 அங்குல நீளம், 4 அங்குல அகலம், ஒன்றரை அங்குல கனம். பழைய மரத்தில் ஒடிந்த ஆணி உள்ளே கிடக்கும், இழைப்புளி வைப்பதற்கு முன்னால் ஒரு காந்தத்தை மேலெல்லாம் ஓட்டிப் பாருங்கள், இல்லையென்றால் ஆசாரி அதன்பிறகு உங்களைக் கடைக்குள்ளேயே விடமாட்டார். இழைத்து முடித்தபோது கனத்தில் ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) போயிருந்தது, ஆறு தந்தியும் சேர்ந்து இழுக்கிற ஐம்பது கிலோ சொச்சத்துக்கு அந்தக் கனம் தாராளம்.

தலைப்பகுதியைச் சாய்வாக ஒட்ட வேண்டியதில்லை. கடையில் கிடைக்கும் டியூனிங் கீ 15 மி.மீ. கன மரத்துக்குச் செய்தது, எனவே எப்படியும் அந்த இடத்தை மெலிதாக்கியே ஆக வேண்டும். மேற்பக்கத்திலிருந்து வெட்டி எடுத்தால் தலை தானாகவே 20 மி.மீ. வாக்கில் கீழே இறங்கிவிடும், தந்தி நட்டைத் தாண்டியதும் கீழ்நோக்கி மடங்கும், நட்டில் நன்றாக அழுந்தி உட்காரும். ரம்பத்தால் குறுக்கே வரிசையாக வெட்டுப் போட்டு, நடுவில் இருப்பதை உளியால் தட்டி எடுத்தேன். கீகளுக்கு 10 மி.மீ. துளை. துளை போடும்போது பின்பக்கம் ஒரு வேஸ்ட் கட்டையை இறுக்கி வையுங்கள், பலா நார் பிய்ந்துகொண்டு வரும்.

நட், பிரிட்ஜ் இரண்டுக்கும் ஒரே 12 மி.மீ. சதுரப் பித்தளைக் கம்பி, ஆளுக்கு 60 மி.மீ. துண்டு. எல் ஆங்கிள் துண்டை வைத்துச் செய்கிறவர்கள் அதிகம், அதுவும் சரிதான், ஆனால் அலுமினிய ஆங்கிளில் மெல்லிய தந்தி நாளாக நாளாகத் தானே பள்ளம் பறித்துக்கொண்டு இறங்கும். பித்தளை கெட்டி, அரத்துக்கும் மசியும். பின்பக்கத்திலிருந்து மரத்தைத் துளைத்து வரும் எம்4 ஸ்குரூ, பித்தளையில் மரை வெட்டிய துளையில் இறுகுகிறது. தந்திகள் பிரிட்ஜின் மேலேறி, அதன் பின்னால் பலகைக்குள் இறங்கி, அடியில் வாஷரில் மாட்டிக்கொள்கின்றன. துண்டுகளின் மேல்முகத்தை அரத்தால் சரிவாக்கி, உச்சி விளிம்பு இரண்டிலும் உள்பக்கமாக, அதாவது தந்தி அதிரும் பக்கமாக வரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். 571.5 மி.மீ. என்பது அந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை. சாதாரண கிட்டாரில் தடித்த தந்திக்குப் பிரிட்ஜைக் கொஞ்சம் பின்னால் தள்ளுவார்கள், அழுத்தும்போது தந்தி இழுபட்டுச் சுருதி ஏறுவதை ஈடுகட்டத்தான். இங்கே அழுத்துவதே இல்லை, பிரிட்ஜ் நேராக நின்றால் போதும்.

இப்போது தந்திப் பள்ளங்கள். இதில் அவசரமே கூடாது. நான் போட்டது எலெக்ட்ரிக் கிட்டாருக்கான நிக்கல் சுற்றிய 13–56 செட், வெண்கலம் சுற்றிய அக்கூஸ்டிக் தந்தியைக் காந்தப் பிக்கப் சரியாக எடுக்காது. இந்தச் செட்டில் மெல்லிய தந்தியின் விட்டம் 0.33 மி.மீ., தடித்தது 1.42 மி.மீ. எல்லாப் பள்ளத்தையும் ஒரே ஆழத்துக்கு அறுத்தால் தடித்த தந்தி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் எழும்பி நிற்கும். மேலே வைக்கிற பார் நேரான எஃகு, அது தடித்த தந்தியில் ஏறி உட்கார்ந்துகொண்டு பக்கத்து மெல்லிய தந்திகளை அரைகுறையாகத் தொடும், கரகரவென்று சத்தம் வரும். எனவே பார்க்க வேண்டியது பள்ளத்தின் அடியை அல்ல, தந்தியின் முதுகை. ஆறு முதுகும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், நட்டிலும் பிரிட்ஜிலும். தந்திகளைப் பாதி இறுக்கத்தில் கட்டிவிட்டு மேலே ஒரு எஃகு ஸ்கேலை வைத்து, பின்னாலிருந்து செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தால் எந்த இடத்தில் வெளிச்சம் ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும். ஒழுகும் இடத்துக்குப் பக்கத்துத் தந்தி உயரமாக இருக்கிறது, அதைக் கழற்றிக் கொஞ்சம் அராவி மறுபடி கட்ட வேண்டும். எரிச்சல் தருகிற வேலை, ஆனால் வாத்தியம் வாத்தியமாவது இந்த இடத்தில்தான்.

கிட்டார் நட்டுக்கென்று விற்கும் அரங்களின் விலையில் இன்னொரு கிட்டாரே வாங்கலாம். நான் கேஸ் வெல்டிங் சாமான் விற்கும் கடைக்குப் போய் டிப் கிளீனர் வாங்கினேன், சின்ன டப்பாவுக்குள் வெவ்வேறு பருமனில் மெல்லிய வட்ட அரங்கள் மடங்கி இருக்கும். பித்தளையில் மெதுவாகத்தான் அறுக்கும், அதுவும் நல்லதற்குத்தான். தந்திக்குத் தந்தி 10 மி.மீ. இடைவெளி, நட்டிலும் பிரிட்ஜிலும் அதே அளவு, ஆக எல்லாத் தந்தியும் இணையாக ஓடும்.

சுரக்கோடுகளுக்குக் கணக்கு ரொம்ப எளிது. மொத்த நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் முதல் கோட்டின் தூரம் வரும், மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது, இப்படியே போக வேண்டியதுதான். 571.5-க்கு முதல் கோடு 32.08 மி.மீ., ஐந்தாவது 143.36, ஏழாவது 190.07, பன்னிரண்டாவது சரிபாதியில் 285.75. அந்தக் காலக் கைவினைஞர்கள் சுலபத்துக்காக 18 ஆல் வகுத்தார்கள், அப்படிச் செய்தால் பன்னிரண்டாவது கோடு இரண்டு மில்லிமீட்டர் குறைவாக விழும். ஃபிரெட் உள்ள கிட்டாரில் தந்தியை அழுத்தும்போது ஏறுகிற சுருதி அந்தக் குறையைக் கொஞ்சம் விழுங்கிவிடும், நமக்கு அந்தச் சலுகை கிடையாது. கணக்கு எக்செல்லில் போட்டாலும் குறிக்கும்போது எல்லாக் கோட்டையும் நட்டிலிருந்தே அளக்க வேண்டும். ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு அளந்துகொண்டே போனால் பென்சில் முனையின் பருமன் சேர்ந்து சேர்ந்து கடைசியில் ஒரு சுரமே தள்ளி நிற்கும்.

கோடுகளை நான் வரையவில்லை. வண்டி நம்பர் பிளேட்டுக்கு ரேடியம் ஸ்டிக்கர் வெட்டும் கடையில் பிளாட்டர் மெஷின் இருக்கிறது, கோரல்டிராவில் வரைந்து எடுத்துப் போனால் வெள்ளை வினைல் கோடுகளாக, சரியான தூரத்தில், ஒரே தாளில் வெட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். பிரிண்ட் எடுத்து ஒட்டுவதைவிட இது துல்லியம், வீட்டுப் பிரிண்டர் தாளுக்குள் அடக்குகிறேன் என்று அளவைச் சத்தமில்லாமல் சுருக்கிவிடும். ஒட்டுவதற்கு முன் பன்னிரண்டாவது கோட்டை மட்டும் ஸ்கேல் வைத்துச் சரிபார்த்தால் போதும். கண்ணுக்கு நேர் மேலிருந்து பார்த்து வாசிக்கிற வாத்தியம் என்பதால் கோட்டுக்குச் சரி மேலே பார் வந்தால் சுரம் சரி. ஃபிரெட்டுக்கு நடுவில் விரல் வைத்துப் பழகிய கிட்டார்காரர்களுக்கு இது கொஞ்ச நாள் குழப்பும்.

இனி பிக்கப். வாங்கியும் போடலாம். மோட்டாரும் பம்ப்பும் செய்கிற ஊரில் இருந்துகொண்டு காயில் விலைக்கு வாங்க எனக்கு மனம் வரவில்லை. கிட்டார் உலகம் 42 ஏ.டபிள்யூ.ஜி. (அமெரிக்கக் கம்பி அளவு) கம்பி என்று சொல்லும். நம் ரீவைண்டிங் கடைகளில் எஸ்.டபிள்யூ.ஜி. (பிரிட்டிஷ் அளவு) கணக்கு, அதில் 46 என்று கேட்க வேண்டும், 0.06 மி.மீ. விட்டம், இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. சீலிங் ஃபேனுக்குச் சுற்றுவது 36 வாக்கில் இருக்கும், அதைவிட இது மிகவும் மெல்லிசு, எல்லாக் கடையிலும் இருக்காது. ஒரு பிக்கப்புக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் கம்பி போகும், ஆனால் எடை முப்பது கிராம்கூடத் தேறாது. கிலோ கணக்கில் விற்பவரிடம் போய் ஐம்பது கிராம் கேட்டபோது, "ஏனுங் தம்பி, கடியாரத்துக்கு மோட்டார் கட்டறீங்களா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும், பாதி தீர்ந்த ரீல் ஒன்றை அப்படியே கொடுத்துவிட்டார். கம்பியின் எனாமல் எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாலியூரித்தேன் பூச்சு சால்டரிங் சூட்டிலேயே உருகி வழிவிடும், மற்றவற்றைச் சுரண்ட வேண்டும், இவ்வளவு மெல்லிய கம்பியைச் சுரண்டினால் அது அறுந்துதான் போகும்.

காயிலின் சட்டம் இரண்டு சன்மைக்காத் துண்டு, நடுவில் பத்து மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறு எம்5 இரும்பு ஸ்குரூ. ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ பளபளப்பாக இருக்கிறதே என்று போட்டுவிடாதீர்கள், கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் காந்தம் பிடிக்காது. ஒவ்வொரு ஸ்குரூவின் அடியிலும் ஒரு சின்ன நியோடிமியம் வட்டு, எல்லாம் ஒரே துருவம் மேலே பார்க்கும்படி. கம்பி சுற்றும் முன் ஸ்குரூக்களின் மேல் ஒரு சுற்று டேப் ஒட்ட வேண்டும், மரையின் கூர் எனாமலைக் கிழிக்கும்.

சுற்றுவதற்குத் தையல் மெஷின் மோட்டார். கால் பெடலில் வேகத்தைக் கட்டுப்படுத்தலாம், இரண்டு கையும் கம்பியை வழிநடத்தக் காலியாக இருக்கும். எண்ணிக்கைக்கு ஒரு மலிவான கால்குலேட்டரைத் திறந்து சமக்குறிப் பொத்தானின் இரு முனையிலும் ஒரு ரீட் ஸ்விட்ச்சை (காந்தம் பக்கத்தில் வந்தால் தானே இணையும் ஸ்விட்ச்) சால்டர் செய்து, சுழலும் தட்டில் ஒரு காந்தம் ஒட்டிவிட்டால் போதும். ஒன்று, கூட்டல், ஒன்று என்று அழுத்தித் தொடங்கினால் சுற்றுக்கு ஒன்று கூடிக்கொண்டே போகும். வேகமாக ஓட்டினால் ரீட் ஸ்விட்ச் எண்ணாமல் விடும், நிதானம் வேண்டும். கம்பியை இரு விரலுக்கு நடுவே துண்டு வெல்வெட் துணியில் பிடித்தால் இழுவை சீராக வரும். 7,500 சுற்றில் நிறுத்தினேன், மீட்டரில் 6 கிலோ ஓமுக்குச் சற்று மேல் காட்டியது, எதிர்பார்த்த இடம்தான்.

அப்புறம் மெழுகு. சுற்றிய காயிலை உருகிய மெழுகில் முக்காவிட்டால் உள்ளே தளர்வாக இருக்கும் கம்பிகள் அதிர்ந்து, ஆம்ப்ளிஃபையரை ஏற்றியதும் கீச்சிடும். பாரஃபினில் கொஞ்சம் தேன்மெழுகு கலந்து, பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து வெந்நீர்ச் சூட்டில் உருக்கி, காற்றுக் குமிழி நிற்கும் வரை முக்கி வைக்க வேண்டும். நேரடி நெருப்பில் வைக்கக் கூடாது, மெழுகு தீப்பிடிக்கும். சூடும் 65 டிகிரியைத் தாண்ட வேண்டியதில்லை.

பிக்கப்பை பிரிட்ஜிலிருந்து 60 மி.மீ. தள்ளி, தந்திக்கு 3 மி.மீ. கீழே நிறுத்தினேன். வாலியூமுக்கு 250 கே (கிலோ ஓம்) லாக் பொட்டென்ஷியோமீட்டர் வேண்டும், குமிழைத் திருகத் திருகச் சத்தம் காதுக்குச் சீராக ஏறும் வகை அது. சென்னை ரிச்சி தெருவில் வாங்குவதானாலும் பெட்டியில் எழுதியிருக்கும் எழுத்தைப் பாருங்கள், ஏ என்றால் லாக், பி என்றால் லீனியர். லீனியரைப் போட்டால் குமிழ் திருகலின் ஒரு மூலையிலேயே எல்லாச் சத்தமும் வந்துவிடும். டோனுக்கு இன்னொரு பொட், 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். வாலியூம் குமிழை மட்டும் வலது சுண்டுவிரல் எட்டும் இடத்தில் வைக்க வேண்டும், மீட்டியபிறகு ஒலியை மெல்லத் திறந்து வயலின்போல வரவைப்பது இந்த வாத்தியத்தின் பாதி அழகு.

சிங்கிள் காயில், அதாவது ஒரே சுருள் என்பதால் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் இருக்கத்தான் செய்யும். பிக்கப் உட்காரும் குழிக்குள் காப்பர் டேப் ஒட்டி, அதையும் பிரிட்ஜையும் ஆம்ப்ளிஃபையர் வயரைச் செருகும் ஜாக்கின் கிரவுண்டோடு இணைத்ததும் பெருமளவு அடங்கியது. சமையலறை அலுமினியத் தாளில் சாதாரண ஈயம் ஒட்டாது, அந்தச் சிக்கனம் வேண்டாம். ஒரு எச்சரிக்கை: பிரிட்ஜைக் கிரவுண்டில் இணைத்தபின் தந்தியும் பாரும் உங்கள் கையும் ஆம்ப்ளிஃபையரின் உடலோடு ஒரே மின்னிணைப்பில் இருக்கும். பழைய வீடுகளில் மூன்று முள் சாக்கெட் இருக்கும், எர்த் கம்பி அதற்குள் வந்திருக்காது. வாசிக்கிற அறையின் எர்த்தை ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள், ஆம்ப் பிளக்கின் எர்த் முள்ளை ஒருபோதும் கழற்றாதீர்கள்.

பார். 22 மி.மீ. விட்ட 304 ஸ்டெயின்லெஸ் ராடில் மூன்று அங்குலம், லேத் பட்டறையில் ஒரு முனையை அரைக்கோளமாகக் கடைந்து வாங்கினேன், எடை 230 கிராம் வாக்கில் வருகிறது. எடை அவசியம், அது தன் பாரத்தாலேயே தந்தியில் உட்கார வேண்டும், நாம் அழுத்தக் கூடாது. லேத்தின் கோடுகள் அப்படியே இருந்தால் தடித்த தந்தியில் இழுக்கும்போது உஸ்ஸென்று ஒரு சத்தம் கூடவே வரும். 400, 800, 1200, 2000 எமரித் தாள், ஒவ்வொன்றையும் முந்தையதற்குக் குறுக்குவாக்கில் தேய்த்து, கடைசியில் மெட்டல் பாலீஷ். முகம் தெரிய வேண்டும். இந்த வேலைக்குப் பொறுமை இல்லாதவர்கள் பார் மட்டும் விலைக்கு வாங்கிவிடுங்கள், மற்றதெல்லாம் நன்றாக இருந்து இது மோசமாக இருந்தால் பிக்கப்பைத்தான் திட்டிக்கொண்டிருப்பீர்கள். மரத்துக்கு ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பூசினேன், மஞ்சள் பலா மெதுவாகப் பழுப்பேறி வருகிறது, அவ்வளவுதான் பாலீஷ் கதை.

ஸ்டீல் கிட்டாருக்கு வழிகாட்டி என்று ஹவாயின் ஓவாஹு தீவைச் சேர்ந்த ஜோசப் கெக்குக்குவைச் சொல்வார்கள், 1880-களின் கடைசியில் பையனாக இருந்தபோது உலோகத் துண்டால் தந்தியை வருடிப் பார்த்தவர். ஆனால் தந்தியை அழுத்தாமல் மேலே ஒன்றை நகர்த்தி வாசிப்பது நமக்குப் புதிதில்லை, கோட்டுவாத்தியம் அப்படித்தானே. அதனால் சுருதி சேர்த்ததும் முதலில் கமகம் போட்டுப் பார்க்கத்தான் கை போனது. பொதுவான ஓப்பன் டி சுருதி, தடித்த தந்தியிலிருந்து டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. மேற்கத்தியப் பாட்டுக்கு அருமை, பாரை ஒரே இடத்தில் வைத்தால் முழு மேஜர் கார்டு. ராகம் என்று வந்தால் அந்த எஃப் ஷார்ப் இடிக்கிறது. டி-யைச் சட்ஜமாக வைத்தால் அது அந்தர காந்தாரம், மோகனத்துக்குப் பாதகமில்லை, கரஹரப்பிரியாவில் திறந்த தந்தி தெரியாமல் பட்டுவிட்டால் ராகமே போய்விடும். அந்த மூன்றாவது தந்தியைக் கழற்றிவிட்டு நான்காவதற்குப் போட்ட அதே பருமன் தந்தி ஒன்றை அங்கேயும் கட்டி, இரண்டையும் டி-யில் வைத்தேன். ச, ப, ச, ச, ப, ச. பள்ளத்தை மட்டும் அதற்கேற்ப அகலமாக்கி, இன்னும் கொஞ்சம் ஆழமாக அராவி, மறுபடி ஸ்கேலும் டார்ச்சுமாக மட்டம் பார்க்க வேண்டியிருந்தது. இனி எஃப் ஷார்ப் வேண்டுமென்றால் பழைய தந்தியைக் கட்டினால் அது பள்ளத்துக்குள் தாழ்ந்து உட்காரும், அதற்காக நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் அதே பித்தளைக் கம்பியில் இரண்டாவது ஜோடி ஒன்றை அறுத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு ஸ்குரூவைக் கழற்றினால் மாற்றிவிடலாம்.